சேப்பாக்கம் எழுந்து நின்ற நாள்

திண்டுக்கல் மாவட்டம் சித்தையன்கோட்டையிலிருந்து சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் வந்து, இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது எழும்பூர். அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்களுக்கு வானொலி துணை நின்றது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனை, கிரிக்கெட்டைச் சென்னைக்கு வெளியே வயல்வெளி ஊர்களுக்கும் கொண்டுபோனது. மைதானத்தில் உட்கார்ந்தவருக்கும் ரேடியோ அருகே உட்கார்ந்தவருக்கும் ஆசை ஒன்றுதான்: இந்தியா ஜெயிக்க வேண்டும்.

அந்த ஆசை முதன்முதலில் நிறைவேறிய இடமும் சேப்பாக்கம்தான். 1932-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியா, இருபது ஆண்டுகள் ஒரு வெற்றிகூடக் காணவில்லை. 1952 பிப்ரவரி 10 அன்று, தனது 25-ஆவது டெஸ்டில், இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் இங்கே வீழ்த்தியது. வினூ மன்காட் 12 விக்கெட் எடுத்தார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள். சுதந்திரம் கிடைத்து ஐந்து ஆண்டுகூட ஆகாத நாட்டுக்கு அது எப்பேர்ப்பட்ட பெருமை!

ஆனால் சேப்பாக்கம் ரசிகரை உருவாக்கியது வெற்றி மட்டும் கிடையாது. பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நடந்த ஐரோப்பியர்–இந்தியர் பிரசிடென்சி மேட்ச், அதன்பின் வந்த பொங்கல் டெஸ்டுகள், நகரமெங்கும் நடந்த லீக் ஆட்டங்கள் என்று பல தலைமுறைகள் உட்கார்ந்து பார்த்துப் பழகியவை ஏராளம். பந்து சுழல்வதையும் கால் நகர்வதையும் கவனிக்கும் கண் அப்படித்தான் பழகியது.

அந்தக் கண்ணுக்குச் சோதனைகளும் வந்தன. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 ரன் இலக்கு. இந்தியா 347-இல் ஆல் அவுட். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது ‘டை’. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் அதே ஆஸ்திரேலியாவிடம், அதே மைதானத்தில், ஒரே ரன்னில் தோல்வி. 1997 மே 21 அன்று பாகிஸ்தானின் சயீத் அன்வர் இங்கே 194 ரன் குவித்து, ஒருநாள் போட்டிகளில் அதுவரை இருந்த உலக சாதனையை முறியடித்தார். அரங்கம் அவருக்குக் கை தட்டியது.

பெரிய சோதனை 1999 ஜனவரியில் வந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவில் டெஸ்ட் ஆட பாகிஸ்தான் வந்திருந்தது. அந்த வருகையை எதிர்த்து டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பதற்றத்துக்கிடையேதான் சென்னையில் முதல் டெஸ்ட் நடந்தது.

இந்தியாவுக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட்டுகள் 82 ரன்னுக்குள் போய்விட்டன. சச்சின் டெண்டுல்கர் முதுகுவலியோடு நின்று ஆடினார். நயன் மோங்கியா துணை நின்றார். இன்னும் 17 ரன்தான் வேண்டும் என்ற நேரத்தில், 136 ரன் எடுத்திருந்த சச்சின், சக்லைன் முஷ்டாக் பந்தில் ஆட்டமிழந்தார். மீதி மூன்று விக்கெட்டுகள் நான்கே ரன்னில் சரிந்தன. பாகிஸ்தானுக்கு 12 ரன்னில் வெற்றி.

சிறிது நேரம் அரங்கம் உறைந்தது. பிறகு கேலரி கேலரியாக மக்கள் எழுந்தார்கள். பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் தன் அணியோடு மைதானத்தைச் சுற்றி வந்தபோது, நின்றபடியே கை தட்டினார்கள். தொண்டை வறள இந்தியாவுக்காகக் கத்திய அதே கூட்டம்!

இதை விருந்தோம்பல் என்று மட்டும் சொன்னால் போதாது. நான்கு நாள் நடந்த ஆட்டத்தின் தரத்தை அந்த ரசிகர்கள் அளந்து பார்த்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பில் தங்கள் வருத்தத்தை அவர்கள் கலக்கவில்லை. சொந்த மண்ணின் ரசிகர் காட்டக்கூடிய பெருமிதத்தில் இதற்கு மேல் ஒன்று தமிழ்நாட்டில் நடந்ததில்லை.

இன்று பெரிய ஆட்டங்கள் திண்டுக்கல் பக்கமும் நெருங்கி வந்துவிட்டன. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் ரஞ்சிப் போட்டிகளையும், 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்களையும் நடத்தியிருக்கிறது. 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையோடு மதுரையிலும் நடந்தது. இரண்டுமே சித்தையன்கோட்டைப் பிள்ளைகள் ஒரே பகலில் போய்ப் பார்த்துத் திரும்பக்கூடிய தூரம்தான். அடுத்த முறை அவர்களை அழைத்துப் போகிறவர்கள், நம் அணியின் பெயர்களோடு எதிரணி வீரர்களின் பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள். எதிரணி நன்றாக ஆடினால் எழுந்து நின்று கை தட்டவும் சொல்லுங்கள்.