கடைசி இடத்துக்காரர் பறித்த இரண்டு புள்ளிகள்

மாலையில் பேரனோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்தால் பெரும்பாலும் தோற்பது நான்தான். போன வாரம் தப்பித்தவறி ஜெயித்துவிட்டேன். "அது சும்மா லக், தாத்தா" என்றான். அவனுக்கு மானுவல் ஆரோன் கதையைச் சொன்னேன். நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்.

1935-இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர் ஆரோன். அக்காலத்தில் பல ஊர்த் திண்ணைகளில் ஆடியது நாட்டுச் சதுரங்கம். ராஜா ஒரே ஒருமுறை குதிரைபோல் தாவலாம். சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான். சர்வதேச விதிகளை இங்கே பரப்பியதில் ஆரோனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1961-இல் ஆஸ்திரேலியாவின் சிசில் பர்டியை வென்று, இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார்.

அந்த வெற்றி அவரை 1962-இல் ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டுபோனது. உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டி அது. 23 பேர், ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டங்கள். 18 வயது பாபி பிஷர் 17½ புள்ளியுடன் முதலிடம். ஆரோன் 4 புள்ளியுடன் கடைசி இடம்.

பட்டியலை மட்டும் பார்த்தால் கதை இதோடு முடிந்தது. ஆனால் அந்த நான்கில் இரண்டு புள்ளிகள் யாரிடமிருந்து வந்தவை? ஹங்கேரியின் போர்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மன். இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள்.

அடுத்த சுற்றுக்கு ஆறு பேருக்குத்தான் இடம். ஆறாவது இடத்துக்கு 13½ புள்ளியுடன் மூவர் மோதினார்கள். போர்டிஷும் உல்மனும் 12½-இல் நின்றுவிட்டார்கள். ஆரோனை வென்றிருந்தால் அவர்களும் அந்த 13½ வரிசையில் இருந்திருப்பார்கள்!

சதுரங்கத்தில் பகடை கிடையாது. கடைசி ஆளிடம் டிரா செய்வதே நஷ்டம் என்று பலசாலி வலியப் பாய்வார். எதிரே இருப்பவர் பதறாமல் காத்திருந்தால், அந்தப் பாய்ச்சலில் ஓட்டை தெரியும்.

பின்னர் 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பை ஆரோன் தொடங்கினார். அங்கே ஆடிப் பழகிய சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

நான் படித்தது பிரெஞ்சு மொழியில். அதில் சதுரங்கத்தைக் குறிக்கும் 'எஷெக்' என்ற சொல்லுக்கே தோல்வி என்றும் பொருள். தோற்கத் தெரியாதவருக்கு இந்த ஆட்டம் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

கதை கேட்ட பேரன் அடுத்த ஆட்டத்தில் ஒவ்வொரு காயையும் யோசித்து யோசித்து நகர்த்தினான். நான் தோற்றேன். ஆனால் என்னை ஒரு ஆட்டக்காரனாக மதித்து ஆடினான், அது போதும்.