கப்பலேறி வந்த குளிர்

குலசேகரன்பட்டினம், மணப்பாடு கரையோரம் மீன் பெட்டியில் ஐஸ் உடைத்துப் போடுகிறார்களே, அந்தச் சரக்கு ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்றால் நம்புவீங்களா?

1833-ஆம் வருஷம் மே மாதம், டூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். எல்லாம் பனிக்காலத்தில் ஏரியிலே அறுத்தெடுத்த கட்டிகள். நாலு மாசம் கடலில் கிடந்தும் சுமார் 100 டன் மிஞ்சியது!

சூட்சுமம் என்னன்னா, 1 கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடேற்றுகிற வெப்பத்தை, 1 கிலோ ஐஸ் உருகுவதற்கே விழுங்கிவிடும். உருகி முடிகிறவரை சூடு ஏறாது. வெளிவெப்பம் புகாமல் மரப்பட்டைத் தூள், மரத்தூள் அடைத்தார்கள். சென்னையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், இந்த ஐஸை வைக்க எழுந்ததுதான்.

இன்னைக்கு மெழுகு, சிலவகை உப்புகளையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். உருகும்போது வாங்கிய வெப்பத்தை, உறையும்போது திருப்பித் தந்துவிடும். மீன் பெட்டிக்கோ ஐஸ்தான் மலிவு. உருகின தண்ணி வடிய அடியில் ஓட்டை மட்டும் இருக்கட்டும்.