முழுச்சட்டக எண்ணிம ஒளிப்படக்கருவி

முழுச்சட்டக எண்ணிம ஒளிப்படக்கருவி என்பது, 35 மி.மீ. படச்சுருளில் பதிவாகும் ஒரு படத்தின் அளவுக்கு ஒப்பான, ஏறத்தாழ 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய ஒளியுணரியைக் கொண்ட படக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஃபுல் பிரேம் கேமரா எனப்படுகிறது. மிரர்லெஸ் எனப்படும் ஆடியற்ற கருவிக்கு மாற்றானது இது என்று பலர் கருதுவதுண்டு. அது சரியன்று. முழுச்சட்டகம் என்பது உணரியின் அளவைக் குறிக்கும். ஆடியற்றது என்பது கருவியின் உள்ளமைப்பைக் குறிக்கும். ஆடியுள்ள, ஆடியற்ற இரு வகைகளிலும் முழுச்சட்டகக் கருவிகள் உள்ளன. சிறிய உணரியுடைய ஆடியற்ற கருவியில் பழகியவர் ஆடியுள்ள முழுச்சட்டகக் கருவிக்கு மாறும்போது, இரு மாற்றங்களையும் ஒருங்கே எதிர்கொள்கிறார்.

உணரி அளவுகள்

* முழுச்சட்டகம்: 36 × 24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ.
* ஏபிஎஸ்-சி: ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; பரப்பு சுமார் 367 சதுர மி.மீ.; வெட்டுக்காரணி 1.5. கேனன் நிறுவனக் கருவிகளில் இது 1.6 ஆகும்.
* மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 17.3 × 13 மி.மீ.; பரப்பு சுமார் 225 சதுர மி.மீ.; வெட்டுக்காரணி 2.

வில்லையின் குவியத்தூரத்தை வெட்டுக்காரணியால் பெருக்கினால், அதே காட்சிப் பரப்பை முழுச்சட்டகத்தில் தரும் குவியத்தூரம் கிடைக்கும். ஏபிஎஸ்-சி கருவியில் 35 மி.மீ. வில்லை காட்டும் காட்சியை முழுச்சட்டகத்தில் ஏறத்தாழ 50 மி.மீ. வில்லை காட்டும்.

வரலாறு

செருமானியரான ஆஸ்கர் பர்னாக், 18 × 24 மி.மீ. திரைப்படச் சட்டகத்தை இருமடங்காக்கி 24 × 36 மி.மீ. அளவில் படமெடுக்கும் சிறிய கருவியை உருவாக்கினார். அது 1925 இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இவ்வளவில் உணரி கொண்ட முதல் எண்ணிம எதிரொளிப்புக் கருவி, 2002 இல் வெளிவந்த கான்டாக்ஸ் என் டிஜிட்டல் ஆகும். அதே ஆண்டில் கேனன் 1டிஎஸ், 2005 இல் கேனன் 5டி, 2007 இல் நிக்கான் டி3 ஆகியவை வந்தன.

வில்லை மாற்றத்தக்க ஆடியற்ற கருவிகளில் பானசோனிக் ஜி1 (2008) முன்னோடியாகும். அதன் உணரி சிறியது. தன்னியக்கக் குவிப்புடைய முழுச்சட்டக ஆடியற்ற கருவியைச் சோனி 2013 இல் ஏ7 என வெளியிட்டது. 2018 இல் கேனனும் நிக்கானும் இவ்வகைக்கு வந்தன. இவ்விரு நிறுவனங்களின் ஆடியுள்ள முழுச்சட்டகக் கருவிகளில் கடைசியானவை 2020 இல் வெளியானவை.

மாறுபவர் அறியவேண்டியவை

காட்சிக்காணி: ஆடியற்ற கருவியின் மின்னணுத் திரை, படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிவாகும் என்பதை முன்கூட்டியே காட்டுகிறது. ஆடியுள்ள கருவியின் ஒளியியல் காணியில் தெரிவது நேரடிக் காட்சி மட்டுமே. ஆகவே ஒளிமானியைப் படிக்கவும், எடுத்த பின் ஒளிப்பரவல் வரைபடத்தைச் சரிபார்க்கவும் பழக வேண்டும்.

குவிப்பு: ஆடியுள்ள கருவியில் காணி வழியே படமெடுக்கையில், குவிப்பைத் தனி உணரி ஒன்று கணிக்கிறது. குவிப்புப் புள்ளிகள் பெரும்பாலும் சட்டகத்தின் நடுப்பகுதியிலேயே அமைகின்றன. சில வில்லைகளில் குவிப்பு சற்று முன்னோ பின்னோ விழலாம். பல கருவிகளில் இதைத் திருத்தும் வசதி உண்டு.

புல ஆழம்: ஒரே காட்சிப் பரப்பையும் ஒரே துளை எண்ணையும் வைத்தால், முழுச்சட்டகத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைவு. ஏபிஎஸ்-சி கருவியில் எஃப்/2.8 தரும் ஆழத்தைப் பெற, இதில் ஏறத்தாழ எஃப்/4 வைக்க வேண்டும். அப்போது உள்வரும் ஒளி பாதியாகிறது. ஷட்டர் வேகத்தை மாற்றாதிருக்க ஐஎஸ்ஓ எண்ணை இருமடங்காக்க நேரும். எனவே பெரிய உணரியின் குறைந்த இரைச்சல் என்னும் நன்மை அந்நிலையில் பெரும்பாலும் மறைந்துவிடும். குறைந்த ஆழத்தை ஏற்கும் இடங்களிலும், ஒளி மிகுந்து குறைந்த ஐஎஸ்ஓ எண் போதுமான இடங்களிலும் மட்டுமே அந்நன்மை முழுமையாகக் கிட்டும்.

வில்லைகள்: ஆடியற்ற கருவிகளின் வில்லைப் பிணைப்பு உணரிக்கு அருகில் உள்ளது. சோனி இ பிணைப்பில் இத்தொலைவு 18 மி.மீ.; கேனன் இஎஃப் பிணைப்பில் 44 மி.மீ. ஆதலால் பழைய வில்லைகளை இணைப்பு வளையம் மூலம் ஆடியற்ற கருவியில் பொருத்தலாம். ஆடியற்ற கருவிக்கான வில்லைகளை ஆடியுள்ள கருவியில் பயன்படுத்த இயலாது. கருவியின் விலையுடன் புதிய வில்லைகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சென்னைச் சூழலில் பயன்பாடு

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் அறுபத்துமூவர் விழா நடைபெறுகிறது. மாட வீதிகளின் நெரிசலில் பின்னே நகர்ந்து படமெடுக்க இடமிராது. 24 மி.மீ. வில்லை முழுச்சட்டகத்தில் தன் முழு அகலத்தையும் காட்டும். ஏபிஎஸ்-சி கருவியில் அதே காட்சிக்கு 16 மி.மீ. வில்லை தேவை.

மார்கழி மாதத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் கச்சேரிகளும் நடனங்களும் நிகழ்கின்றன. நடனத்தின் அசைவை உறையச் செய்ய நொடியில் 250 இல் ஒரு பங்கு அல்லது அதைவிட விரைவான ஷட்டர் வேகம் வேண்டும். மங்கிய மேடை ஒளியில், தனி ஆடற்கலைஞரைப் படமெடுக்கக் குறைந்த புல ஆழமே போதுமென்பதால் முழுச்சட்டகம் உதவுகிறது. எனினும் ஆடி எழும்பும் ஓசை ஆலாபனையின்போது அவையோருக்கு இடையூறாகும். ஆடியற்ற கருவியின் மின்னணு ஷட்டர் ஓசையற்றது. ஆனால் எல்இடி விளக்கொளியில் படத்தில் பட்டைகள் விழக்கூடும்.

அடையாறு முகத்துவாரத்தில் பறவைகளைப் படமெடுப்போருக்குச் சிறிய உணரியே வசதியானது. 300 மி.மீ. வில்லை ஏபிஎஸ்-சி கருவியில் 450 மி.மீ. அளவுக்கான காட்சியைத் தருகிறது. 24 மெகாபிக்சல் முழுச்சட்டகப் படத்தை அதே அளவுக்கு வெட்டினால் ஏறத்தாழ 10.7 மெகாபிக்சல் மட்டுமே எஞ்சும். தியாகராய நகர் ரங்கநாதன் தெரு போன்ற நெரிசலான கடைவீதிகளிலும், கவனத்தை ஈர்க்காத சிறிய கருவி கையாள எளிது.

பராமரிப்பு

சென்னையின் ஈரப்பதத்தில் வில்லைகளினுள் பூஞ்சை பிடிக்கக்கூடும். உலர்பெட்டியில் அல்லது சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத பெட்டியில் வைத்தல் நலம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவருகையில், கருவி வெளி வெப்பநிலையை அடையும் வரை பையிலேயே வைத்திருந்தால் வில்லையில் நீர் படிவதைத் தவிர்க்கலாம்.

இவற்றையும் பார்க்க

* குவியத்தூரம்
* புல ஆழம்
* ஆடியற்ற ஒளிப்படக்கருவி