பொம்மை வீட்டில் ஒரு மரணம்

பொம்மை வீடு என்றதும் எனக்குச் சிறுமியரின் விளையாட்டே நினைவுக்கு வரும். 1878 இல் சிக்காகோவிற் பிறந்த செல்வந்தப் பெண்மணி பிரான்சஸ் கிளெஸ்னர் லீ அமைத்த வீடுகளோ வேறு. அண்ணன் ஹாவார்ட் சென்று படித்தார். இவர் வீட்டிலேயே கற்றார். ஆயினும், 1931 இல் அதே ஹாவார்டில் சட்ட மருத்துவத்துறை உருவாக நிதி வழங்கியவர் இவரே. 1940களில், ஓர் அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கி, மரணம் நிகழ்ந்த அறைகளை அமைத்தார். பொலிஸார் 90 நிமிடம் உற்றுநோக்கிக் கண்டதைச் சொல்லவேண்டும்.

நான் வியப்பது நுணுக்கத்தையல்ல. அங்கே இறந்து கிடப்போரிற் பலர் ஏழைகள், பெண்கள்; அவசரத் தீர்ப்புக்கு எளிதில் ஆளாகுபவர்கள். அவர்களது சாவையும் நின்று பாருங்கள் என்கிறார் லீ. இன்று 18 மாதிரிகள் பால்ரிமோரில் உள்ளன. விடைகள் இரகசியம், பார்ப்பவரே தேடவேண்டும்.