ஒடிச்சா 'டக் டக்', ஓடினா 'ஊம்...': பழைய கார் போடும் சத்தங்களில் எது ஆபத்து?

காலையில் காரை எடுக்குறீங்க. தெருமுனையில் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது முன் சக்கரப் பக்கம் 'டக் டக் டக்'. மெயின் ரோட்டுக்கு வந்ததும் சத்தத்தைக் காணோம். சரி, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்னு விட்டுடுவோம்.

பல சத்தங்களுக்கு அப்படி விடுவதில் பெரிய தப்பில்லை. ஆனால் சில சத்தங்கள், சக்கரம் ஸ்டீயரிங்கின் பேச்சைக் கேட்காமல் போகப் போகுது என்பதற்கான முன்னறிவிப்பு. அந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வரைக்கும்கூட ஓட்டிப் போகக் கூடாது. எது எந்த ரகம் என்பதை வண்டி வைத்திருப்பவரே ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம்.

இங்கே சொல்வது 10, 15 வருஷம் ஓடிய ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஸ்விஃப்ட் மாதிரி சின்ன கார்களுக்கு. இவற்றில் இன்ஜினின் இழுவை முன் சக்கரங்களுக்குப் போகிறது. திருப்புகிற வேலையும் இழுக்கிற வேலையும் அதே இரண்டு சக்கரங்களுக்குத்தான் என்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம்.

எங்கே என்பதை விட எப்போ என்பது முக்கியம்

காருக்குள் உட்கார்ந்து சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தகடு வழியாகப் பரவுவதால் இடது சக்கரத்துச் சத்தம் வலது பக்கம் கேட்கும், பின்னால் இருப்பது முன்னால் கேட்கும். ஆனால் எப்போது வருகிறது என்பது பொய் சொல்லாது. ஒடிக்கும்போது மட்டுமா, நேராகப் போகும்போதுமா? வேகம் ஏறினால் கூடுதா? வேகத்தடையில் ஏறி இறங்கும்போதா? பிரேக் மிதித்தாலா? வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே வருதா? இரண்டு நாள் இதை மட்டும் கவனிச்சுப் பாருங்க. பாதி விடை கிடைச்சிடும்.

திருப்பத்தில் மட்டும் 'டக் டக்'

இது பெரும்பாலும் ஆக்சில் முனையில் இருக்கும் சிவி ஜாயிண்ட். சக்கரம் திரும்பிய நிலையிலும் இழுவையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதன் வேலை. உள்ளே இரும்புக் குண்டுகள், சுற்றிலும் கிரீஸ், அதை மூடி ஒரு ரப்பர் பூட். பழைய வண்டியில் முதலில் போவது ரப்பர்தான். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், குண்டுகள் தேய ஆரம்பிக்கும்.

சோதிக்க ஒரு காலி மைதானம் போதும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடித்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து மெதுவாக வட்டமடிங்க. பிறகு மறுபக்கம். சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப 'டக் டக்' வேகமானால் சந்தேகம் உறுதி. அப்புறம் குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்க. ரிம்மில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கும்.

சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட்டை மட்டும் மாற்றி, புதுக் கிரீஸ் வைத்தால் போதும். சத்தம் வந்த பிறகு ஜாயிண்டையே மாற்றணும், செலவு பல மடங்கு. சத்தம் கேட்ட அன்றே இது உடைந்துவிடாது. ஆனால் நெடும்பயணத்தைத் தள்ளி வையுங்க.

வேகத்தோடு ஏறும் ஊங்காரம்

நேர் ரோட்டில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, வேகம் கூடக் கூட 'ஊம்...' என்று ஏறும் சத்தம். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. காரணம், மூன்று கோளாறுகள் இதே மாதிரி கேட்கும்: வீல் பேரிங், ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர், கியர்பாக்ஸ்.

முதலில் கியர்பாக்ஸைக் கழித்துவிடலாம். காலியான நேர் சாலையில் கிளட்ச்சை மிதிங்க. இன்ஜின் சத்தம் இறங்கிய பிறகும் ஊங்காரம் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் சக்கரத்தில் இருந்து வருகிறது. அடுத்து டயர். தார் ரோட்டில் இருந்து சிமெண்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தம் மாறினால் டயர் மேல் சந்தேகப்படலாம். பேரிங் சத்தத்துக்கு ரோடு பேதம் கிடையாது. டயர் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்க, படிக்கட்டு மாதிரி மேடு பள்ளமாக இருந்தால் குற்றவாளி அதுதான். இன்னும் குழப்பமா? முன் டயர்களைப் பின்னாலும், பின்னால் இருப்பதை முன்னாலும் மாற்றிப் போடச் சொல்லுங்க. சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர், மாறாவிட்டால் பேரிங்.

எந்தப் பக்கத்துப் பேரிங் என்பதற்கும் ஒரு வழி இருக்கு. கார் இடது பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரத்தின் மேல் விழும். அதனால் இடது வளைவில் ஊங்காரம் கூடி, வலது வளைவில் குறைந்தால், பெரும்பாலும் போயிருப்பது வலது பேரிங். சென்னையில் மழைக்காலத்தில் முட்டளவு தண்ணீரில் ஓட்டிய வண்டிகளில், சில வாரம் கழித்து இந்தச் சத்தம் தொடங்குவது சகஜம். தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸ் கெட்டிருக்கும்.

ஊங்காரம் உறுமலாக மாறி ஸ்டீயரிங்கில் அதிர்வும் வந்துவிட்டால் ஓட்டுவதை நிறுத்திடுங்க. முற்றிய பேரிங் சூடேறி இறுகிப்போகலாம், சக்கரம் ஆட்டம் காணலாம்.

பள்ளத்தில் 'டொக்': அலட்சியம் வேண்டாம்

வேகத்தடையிலும் குழியிலும் மட்டும் வரும் 'டொக்' சத்தத்துக்குப் பாதிக் காரணங்கள் சாதாரணமானவை. ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருக்கும், லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் வெடித்திருக்கும். ஆட்டம் இருக்கும், எரிச்சல் இருக்கும், உடனடி ஆபத்து குறைவு.

ஆனால் அதே 'டொக்' பால் ஜாயிண்ட் அல்லது டை ராட் எண்டில் இருந்தும் வரலாம். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்து வைத்திருப்பது பால் ஜாயிண்ட். அது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். ஸ்டீயரிங்கின் கட்டளையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது டை ராட். அது கழன்றால் நீங்க ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். ஊர்ந்து போகும்போது நடந்தால் தப்பிக்கலாம், பைபாஸில் நடந்தால்?

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்க. காருக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. டயரின் மேலும் கீழும், அதாவது கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடத்தில், பிடித்து ஆட்டுங்க. ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம். அப்புறம் 9 மணி, 3 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்க. இதில் மட்டும் 'லொடக்' என்றால் டை ராட் எண்டைச் சந்தேகிக்கணும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைங்க.

ஆட்டமே தெரியாவிட்டாலும் 'டொக்' தொடர்ந்தால் ஒர்க்‌ஷாப்பில் காட்டணும். கடப்பாரை கொடுத்து நெம்பினால்தான் வெளிப்படும் தேய்மானமும் உண்டு.

நின்ற இடத்தில் திருப்பினாலே வரும் சத்தம்

ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் 'ஙொய்ய்ய்' என்று முனகல் கேட்டால், முதலில் ஆயில் அளவைப் பாருங்க. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, ஊற்றிவிட்டு மறந்தால் திரும்ப வரும். வண்டியின் கையேட்டில் சொன்ன ஆயிலைத்தான் ஊற்றணும். கையில் இருக்கேன்னு பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும். காலையில் முதல் முறை ஒடிக்கும்போது 'கிரீச்' என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட். ஆல்டோ, வேகன் ஆரில் பவர் ஸ்டீயரிங் இருந்தால் அது மோட்டாரில் இயங்குவது. அதற்கு ஆயிலே கிடையாது. யாராவது ஆயில் மாற்றணும்னு சொன்னால் காரணம் கேளுங்க.

திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விட்ட மாதிரி 'டொய்ங்' என்று வந்தால், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். அவசரமில்லை, ஆனால் மாற்றணும்.

பிரேக் மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் 'கர்ர்' வந்தால் பேட் தீர்ந்துவிட்டது, அன்றைக்கே மாற்றுங்க. மழையில் நின்ற வண்டியில் முதல் இரண்டு பிரேக்குக்கு வரும் உரசல் வெறும் துரு. ஜல்லி ரோட்டில் போய் வந்த பிறகு திடீரென்று விடாமல் 'கீச்' என்றால், டிஸ்க்குக்கும் பின் தகடுக்கும் நடுவே சின்னக் கல் சிக்கியிருக்கலாம். புது ஆக்சில் விலையை விசாரிக்க ஆரம்பிச்சிடாதீங்க.

பஞ்சர் போட்ட மறுநாள் புதுசாக 'தட தட' என்று வந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடாமல் ஓரங்கட்டுங்க. வீல் நட் லூஸாக இருக்கலாம். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்க. 50, 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு முறை சரிபார்த்துக்கணும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

ஸ்டீயரிங்கில் சத்தம் வருதுன்னு மட்டும் சொன்னால், ரேக்கையே மாற்றலாம் என்ற பேச்சு வரக்கூடும். இந்த வேலைகளில் செலவு அதிகம் வைப்பது அதுதான். அதுக்குப் பதிலா, இடது பக்கம் ஒடிச்சு ஆக்சிலரேட்டர் கொடுத்தா மட்டும் வருது, நேரா போனா வரலைன்னு சொல்லிப் பாருங்க. முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் அதே ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்க. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போதும் அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்துக் காசு கொடுங்க. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்க. டை ராட் எண்ட் மாற்றியிருந்தால் வீல் அலைன்மெண்ட் கட்டாயம், இல்லாவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் புது டயரும் ஒரு பக்கம் தேய்ந்து, மறுபடி ஊங்காரம் ஆரம்பிச்சிடும்.

15 வருஷப் பதிவு முடிந்து, இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கப் போகிற வண்டியா? அப்போ தகுதிச் சோதனைக்குக் கொண்டு போவதற்கு முன்னாடியே இந்த ஜாக்கிச் சோதனையை முடிச்சிடுங்க.