ஓடிபி திரையில் ஒரு வரி

அப்பாவுக்கு மறதி நோய் என்று தெரிந்த சமயத்தில், நான் ஒரு செயலிக்கு ஓடிபி திரை எழுதிக்கொண்டிருந்தேன். குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம் வரும். பார்த்துத் தட்ட வேண்டும். அது தானாக நிரம்பவோ, நகலெடுத்து ஒட்டவோ முடியாதபடி தடுத்து வைத்தது நான்தான். பாதுகாப்பு என்று நினைப்பு. அப்பா போனிலேயே சோதித்துப் பார்த்தேன். மூன்று இலக்கம் தட்டுவார், மீதி மறந்துவிடும். "இன்னொரு தடவ சொல்லுப்பா" என்பார். அதற்குள் நேரம் முடிந்திருக்கும்.

அப்புறம்தான் இந்த வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

ஐபோன் வந்தது 2007ல். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் 2009லேயே அதில் சேர்ந்துவிட்டது. நினைவிலும் கவனத்திலும் சிரமம் உள்ளவர்களுக்கு? 2012ல் ஐஓஎஸ் 6 உடன் கைடட் ஆக்சஸ் வந்தது. போனை ஒரே செயலிக்குள் நிறுத்திவைக்கலாம், வேண்டாத பொத்தான்களை முடக்கலாம். 2020ல் கூகுளின் ஆக்‌ஷன் பிளாக்ஸ்: முகப்பில் மகள் படத்தைத் தொட்டால் மகளுக்கு அழைப்பு போகிற மாதிரி அமைக்க முடிந்தது. ஐபோன் முழுவதையும் எளிமையாக்கும் அசிஸ்டிவ் ஆக்சஸ் 2023ல்தான், ஐஓஎஸ் 17 உடன்.

2009க்கும் 2023க்கும் நடுவே 14 வருஷம். ஏன்? என் கணிப்பு இது: பார்வைக்கான தீர்வில் செயலி அப்படியே இருக்கும், எழுத்து குரலாக மாறினால் பெரும்பாலும் போதும். இங்கே எதையாவது எடுத்தாக வேண்டும். எதை எடுப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இணைய அணுகல் வழிகாட்டுதல்களிலும் இதே கதைதான். 1999ல் வந்த முதல் பதிப்பிலேயே 'தெளிவாக, எளிமையாக இருக்கட்டும்' என்ற விதி உண்டு. ஆனால் தெளிவை எப்படிச் சோதிப்பது? சோதிக்க முடியாதது கட்டாய விதியாக நிற்காது. 2018ன் 2.1 பதிப்பில் இந்தப் பக்கத்து யோசனைகள் பல இடம்பெறவில்லை. 2021ல் தனி ஆவணம் வந்தது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, சோதிக்கக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டது: உள்ளே நுழைய ஒருவரின் ஞாபகசக்திக்குப் பரீட்சை வைக்காதே, வைத்தால், ஒட்டவாவது விடு.

என் கோடில் அந்தத் தடை ஒரே ஒரு வரி. அதை நான் நீக்கியபோது, அப்பா போனைத் தொடுவதையே விட்டிருந்தார்.

உங்கள் செயலியிலும் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.