ஸ்காட்டி ஏன் அடித்தார்?

1967 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் என்பிசியில் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ‘தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ ஒளிபரப்பானது. எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு அப்போது வயது 23. குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் டிரிபிள் என்கிற ரோமப் பந்துகள் கேப்டன் கர்க்கின் தலையில் கொட்டுகிற காட்சிதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கோ விண்வெளி நிலையத்து பாரில் நடக்கும் அடிதடி.

எதிரிகளான கிளிங்கான்களில் ஒருவன் கர்க்கைக் கண்டபடி ஏசுகிறான். கைநீட்டப் போன செக்கோவைத் தலைமைப் பொறியாளர் ஸ்காட்டி இழுத்து உட்காரவைக்கிறார். அடுத்து அவன் கப்பலைக் குப்பை என்கிறான். முதல் குத்து ஸ்காட்டியுடையது!

தன்னைத் திட்டியபோது யாரும் அடிக்கவில்லை என்று விசாரணையில் தெரியவரும்போது கர்க்கின் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே. தண்டனை, அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. ஸ்காட்டிக்கு ஏக சந்தோஷம். தொழில்நுட்ப இதழ்கள் படிக்க நேரம் கிடைத்ததே!

இன்ஜின் தாங்காது என்று புலம்பும் ஆளாகவே பெரும்பாலும் வந்துபோனவர், இந்த ஒரு சிரிப்பில் முழு மனுஷன் ஆகிவிடுகிறார். நானும் கோட் எழுதிப் பிழைப்பவன். மேனேஜரை யாராவது திட்டினால் சிரித்துவிட்டுப் போவேன். என் கோடைக் குப்பை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

1996-ல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தன் பாத்திரங்களை இதே பழைய காட்சிகளுக்குள் நுழைத்தது. அடிதடிக்காகக் கர்க் விசாரிக்கும் வரிசையில் இன்னொரு பொறியாளர் நிற்கிறார், ஓ’பிரையன்.